வெக்கை நோயை ஒழித்த ஊசி இருக்கு. கோமாரியை ஒழிக்கும் ஊசி ஏன் இல்லை? சில வைரஸ்களிடம் தடுப்பூசி திணறுவது எதனால்?

சித்தூர், திருப்பதி பக்கம் கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கால்நடைத் துறை ஊழியர் ஐஸ் பெட்டியோடு ஊருக்குள் வருவார். மாட்டின் காதில் இருக்கும் மஞ்சள் அட்டையின் 12 இலக்க எண்ணைப் பதிவு செய்துகொண்டு கோமாரி ஊசி போடுவார். அடுத்த ஆறு மாதத்தில் மறுபடியும் வருவார். 'போன தடவைதானே போட்டீங்க, திரும்பவும் எதுக்கு? ஊசி போட்டா பால் வேற குறையுது' என்ற பேச்சும் கூடவே வரும்.

கேள்வி நியாயமானதுதான். குழந்தைக்குத் தட்டம்மை ஊசி இரண்டு தவணையில் முடிந்துவிடுகிறது. போலியோவைச் சொட்டு மருந்தால் இந்தியாவை விட்டே துரத்திவிட்டோம். மாடுகளையே எடுத்துக்கொண்டால், கோமாரியைவிடப் பல மடங்கு கொடியதாக இருந்த வெக்கை நோய் இன்று உலகத்திலேயே இல்லை. ஆனால் கோமாரிக்கு மட்டும் வாழ்நாள் முழுக்க ஊசி. டெங்கு தடுப்பூசியில் பல பத்தாண்டுகளாகத் தடுமாற்றம். எச்ஐவிக்கு 40 ஆண்டு ஆகியும் ஒரு தடுப்பூசிகூட இல்லை.

விஞ்ஞானிகள் முயற்சி செய்யவில்லையா? கம்பெனிகளுக்கு லாபம் இல்லையா? ஊசியே போலியா? இப்படிப் பல சந்தேகங்கள் சுற்றுகின்றன. பதிலின் பெரும்பகுதி அந்த வைரஸ்களுக்குள்ளேயே இருக்கிறது. நம் பகுதியின் கோமாரியை முன்னால் வைத்துப் பார்த்தால் டெங்குவும் எச்ஐவியும்கூடத் தெளிவாகப் புரியும்.

சுருக்கமாகச் சொன்னால்

- நோய் வந்து பிழைத்த உடல், அந்த நோயை மறுபடி வராமல் தடுக்கக் கற்றுக்கொள்கிறது என்றால் தடுப்பூசி செய்வது எளிது.
- வைரஸுக்குப் பல ரகங்கள் இருந்தால், ஒரு ரகத்துக்கான ஊசி இன்னொன்றைத் தடுக்காது.
- சில வைரஸ்களில் அரைகுறை எதிர்ப்பு சக்தி, எதிர்ப்பே இல்லாததைவிட ஆபத்தாக முடியலாம்.
- கோமாரி ஊசி வேலை செய்கிறது. ஆனால் அதன் பாதுகாப்பு குறுகிய காலத்துக்குத்தான். தவணையைத் தவறவிட்டால் அந்த இடைவெளியில் நோய் நுழைகிறது.

தடுப்பூசி உண்மையில் என்ன செய்கிறது?

தடுப்பூசி ஒரு மருந்து இல்லை. அது ஒரு ஒத்திகை. செத்த வைரஸையோ, பலவீனமாக்கிய வைரஸையோ, அதன் ஒரு துண்டையோ உடலுக்குள் செலுத்துகிறோம். உடல் அதை எதிரி என்று எடுத்துக்கொண்டு, அதன் வெளித்தோற்றத்துக்குப் பொருந்துகிற ஆன்டிபாடிகளைத் தயாரிக்கிறது. கூடவே நினைவு செல்களையும் உருவாக்குகிறது. பிறகு நிஜ வைரஸ் வரும்போது உடல் புதிதாகப் பாடம் படிக்க வேண்டியதில்லை. தயாராக நிற்கிறது.

வைரஸை விரட்டுவது ஊசி இல்லை, உடல்தான். ஊசி வெறும் பயிற்சி கொடுக்கிறது. அதனால் எந்த வைரஸுக்கும் தடுப்பூசி செய்ய நினைக்கும் ஆய்வாளர் முதலில் பார்ப்பது, 'இந்த நோய் வந்து குணமானவருக்கு மறுபடி வருகிறதா?' என்பதைத்தான்.

பெரியம்மையில் பதில் 'இல்லை'. பிழைத்தவருக்கு அது திரும்ப வராது என்பது கிராமத்துக்கே தெரியும். தட்டம்மையிலும் அப்படித்தான். இந்த இடத்தில் தடுப்பூசி செய்ய வேண்டியது, இயற்கை ஏற்கெனவே செய்கிற வேலையை நோயின் ஆபத்து இல்லாமல் செய்வது மட்டும்தான். இயற்கையே தோற்கும் இடத்தில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

வெக்கை நோய் எப்படித் தோற்றது?

வெக்கை நோய் வந்த ஊரில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் சாகும். அதை உண்டாக்கிய வைரஸ், மனிதர்களுக்கு வரும் தட்டம்மை வைரஸின் நெருங்கிய உறவு. அதற்கு இருந்தது ஒரே ஒரு ரகம். ஆப்பிரிக்காவில் எடுத்தாலும் ஆந்திராவில் எடுத்தாலும் ஒரே ஊசி பிடிக்கும். பிழைத்த மாட்டுக்கு ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு. பிழைத்த மாடு வைரஸை ரகசியமாகச் சுமந்து திரிவதும் இல்லை.

கென்யாவில் பணியாற்றிய கால்நடை மருத்துவ விஞ்ஞானி வால்டர் ப்ளோரைட், இந்த வைரஸைக் கன்றின் சிறுநீரக செல்களில் சுமார் 90 தடவை மாற்றி மாற்றி வளர்த்துப் பலவீனமாக்கினார். 1960-களில் பயன்பாட்டுக்கு வந்த அந்த ஊசி, ஒரே தவணையில் மாட்டுக்கு ஆயுள் பாதுகாப்பு கொடுத்தது. இந்தியாவில் 1954-லேயே ஒழிப்புத் திட்டம் தொடங்கியிருந்தது. நாட்டில் கடைசியாக வெக்கை நோய் பதிவானது 1995-ல். இடம், சித்தூரை ஒட்டியிருக்கும் தமிழ்நாட்டின் வட ஆற்காடு பகுதி. 2011-ல் உலகம் முழுவதும் இந்த நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனித குலம் முழுமையாக ஒழித்த வைரஸ் நோய் இது ஒன்றுதான்.

ஒரே ரகம், நீண்ட நினைவு, ஒளிந்திருக்க இடமில்லாத நிலை. இந்த மூன்றும் சேர்ந்ததால்தான் அந்த ஊசி ஜெயித்தது. கோமாரி வைரஸிடம் இந்த மூன்றுமே நமக்கு எதிராக இருக்கின்றன.

கோமாரி: பெயர் ஒன்று, வைரஸ் ஏழு

தமிழில் கோமாரி, காணை. சித்தூர் தெலுங்கில் காலிகுண்ட்டு. 'காலி' என்றால் காற்று, 'குண்ட்டு' என்றால் நொண்டுவது. காற்றில் வந்து மாட்டை நொண்ட வைக்கிற நோய் என்று பெயரிலேயே விவரம் இருக்கிறது. வாயிலும் குளம்பு இடுக்கிலும் கொப்புளம் வெடிக்கும். எச்சில் ஒழுகும். மாடு தீனி எடுக்காது, நடக்காது. பெரிய மாடுகள் பெரும்பாலும் பிழைத்துவிடும். கன்றுகளுக்கு இதயம் பாதிக்கப்பட்டுத் திடீரென்று சாவு வரும்.

பிழைத்த பிறகும் நஷ்டம் நிற்பதில்லை. மடிநோய் வரலாம். சினை பிடிப்பது தள்ளிப்போகலாம். வெயிலில் மூச்சிரைக்கும். பழைய அளவுக்குப் பால் திரும்பாமலே போகலாம். கலப்பின ஜெர்சி, எச்.எஃப். மாடுகளுக்குப் பாதிப்பு அதிகம். இரண்டு மாட்டுப் பாலில் குடும்பம் நடத்துபவருக்கு இதன் அர்த்தம் என்னவென்று சொல்லத் தேவையில்லை. நாடு முழுக்கக் கோமாரியால் ஆண்டுக்கு 20,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்பது அரசுத் தரப்பு மதிப்பீடு.

விலங்குகளைத் தாக்கும் வைரஸ்களில் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே இதுதான். ஜெர்மனியின் லோஃப்லரும் ஃப்ரோஷும் 1898-ல் இதை நிரூபித்தார்கள். அதாவது 125 ஆண்டுகளுக்கு மேலாக இந்த வைரஸை நமக்குத் தெரியும். ஆனாலும் அது பிடிபடவில்லை. ஏன்?

முதல் காரணம், ரகங்கள். கோமாரி வைரஸில் ஏழு ரகங்கள் உண்டு: ஓ, ஏ, சி, ஆசியா-1, சாட்-1, சாட்-2, சாட்-3. ஒரு ரகத்துக்கு உருவான எதிர்ப்பு இன்னொரு ரகத்தைத் தடுக்காது. 'ஓ' ரகம் வந்து குணமான மாட்டுக்கு அடுத்த வருஷம் 'ஏ' ரகம் வந்தால், அதன் உடலுக்கு அது முற்றிலும் புது நோய். இந்தியாவில் 1995-க்குப் பிறகு 'சி' ரகம் தென்படவில்லை. இப்போது சுற்றுவது ஓ, ஏ, ஆசியா-1 என மூன்று. அதனால்தான் இங்கே போடும் ஊசி மூன்று ரகங்களும் சேர்ந்த கலவை. வேறு கண்டத்து ரகம் ஒன்று நாளைக்கு இங்கே வந்தால், இந்த ஊசி அதற்குப் பயன்படாது.

இரண்டாவது காரணம், ஒரே ரகத்துக்குள்ளும் மாறிக்கொண்டே இருப்பது. இது ஆர்.என்.ஏ. வைரஸ். தன்னைப் பிரதி எடுக்கும்போது எழுத்துப் பிழை விடும். அதைத் திருத்திக்கொள்ளும் வசதி அதனிடம் இல்லை. ஒரு மாட்டின் உடம்புக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்ட வைரஸ் கூட்டம் உருவாகிவிடும். 2013-ல் கர்நாடகா, தமிழ்நாடு, ஆந்திரா என்று தென்னிந்தியாவை உலுக்கிய கோமாரிக்குக் காரணமான 'ஓ' ரகக் கிளை, பிறகு மேற்காசியா, வட ஆப்பிரிக்கா வரைக்கும் போனது. அதற்குப் பின் இந்தியாவில் வேறொரு புதுக் கிளை தலையெடுத்திருக்கிறது. களத்தில் இருக்கும் வைரஸுக்கும் ஊசியில் இருக்கும் வைரஸுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று விடாமல் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. ஒடிசாவின் புவனேஸ்வரத்தில் இருக்கும் தேசிய கோமாரி ஆய்வு நிறுவனத்தின் முக்கியமான வேலைகளில் இது ஒன்று.

போலியோவும் இதே குடும்பம்தானே, அது எப்படி ஒழிந்தது?

நல்ல கேள்வி. கோமாரி வைரஸும் போலியோ வைரஸும் ஒரே குடும்பம். இரண்டும் மிகச் சிறிய ஆர்.என்.ஏ. வைரஸ்கள். இரண்டும் பிரதி எடுக்கும்போது பிழை விடுகின்றன. இந்தக் குடும்பத்தின் நான்கு பேரை மட்டும் வரிசையாக வைத்துப் பாருங்கள்:

- ஹெபடைடிஸ்-ஏ (மஞ்சள் காமாலை வகை): 1 ரகம். நல்ல தடுப்பூசி உண்டு, நீண்ட காலப் பாதுகாப்பு.
- போலியோ: 3 ரகங்கள். 2014-ல் இந்தியா போலியோ இல்லாத நாடானது. உலக அளவில் இரண்டு ரகங்கள் ஒழிந்தேவிட்டன.
- கோமாரி: 7 ரகங்கள். தடுப்பூசி உண்டு, ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.
- ரைனோ வைரஸ் (சாதாரண சளி): 160-க்கும் மேற்பட்ட ரகங்கள். தடுப்பூசி இல்லை.

ரகங்களின் எண்ணிக்கை ஏற ஏறத் தடுப்பூசியின் பலம் இறங்குவது இந்த நான்கு வரியிலேயே தெரிகிறது.

பிழை விடும் வேகத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதும் இதில் இருக்கும் பாடம். தட்டம்மை வைரஸும் வேகமாகப் பிழை விடும் வைரஸ்தான். ஆனால் மனித செல்லுக்குள் நுழைய அது பயன்படுத்தும் சாவியின் வடிவம் கொஞ்சம் மாறினாலும் பூட்டு திறக்காது. அதனால் மாறிய வைரஸ் பிழைப்பதில்லை. 1960-களில் செய்த தட்டம்மை ஊசி இன்றைக்கும் பிடிப்பது அதனால்தான். கோமாரி வைரஸோ சாவியின் முனையை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் பாகங்களை மாற்றிக்கொள்கிறது. ஆன்டிபாடிகள் அடையாளம் வைத்திருப்பது அந்தப் பாகங்களைத்தான். செல்லுக்குள் நுழையவும் முடியும், ஆன்டிபாடியிடம் தப்பவும் முடியும்.

ஆறு மாதத்தில் பாதுகாப்பு ஏன் குறைகிறது?

வெக்கை நோய்க்குப் போட்டது உயிருள்ள, பலவீனமாக்கிய வைரஸ். அது மாட்டின் உடலில் சில நாட்கள் பெருகும். உடல் ஆழமான பாடம் படிக்கும். கோமாரிக்கும் அப்படி உயிருள்ள ஊசி செய்யும் முயற்சிகள் முன்பு நடந்தன. ஆனால் பலவீனமாக்கிய வைரஸ் பழைய வீரியத்துக்குத் திரும்பிவிடலாம் என்ற அபாயம் இருந்ததால் கைவிடப்பட்டன. இன்று போடுவது ரசாயனத்தால் செயலிழக்கச் செய்த வைரஸ், எண்ணெய் கலந்தது. உடல் அதிலும் பாடம் படிக்கும். ஆனால் அந்தப் பாடம் சில மாதங்களில் மங்கிவிடும்.

வெப்பமும் ஒரு வில்லன். கோமாரி ஊசியில் வேலை செய்வது வைரஸின் முழு ஓடு. அந்த ஓடு சூட்டில் துண்டு துண்டாக உடைந்துவிடும், குறிப்பாக 'ஓ' ரகத்தில். உடைந்த ஓட்டை வைத்து உடல் சரியான ஆன்டிபாடியைத் தயாரிக்காது. ஊசி மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். ஹைதராபாத்திலோ கோலார் மாவட்டம் மாலூரிலோ இருக்கும் தொழிற்சாலையில் தொடங்கி, ராயலசீமை வெயிலில் கடைசி கிராமத்துத் தொழுவம் வரைக்கும் அந்தக் குளிர்ச்சி அறுபடக் கூடாது. அறுபட்டால் பாட்டில் பார்க்க அப்படியேதான் இருக்கும். ஊசி மட்டும் பிடிக்காது.

மூன்றாவது, ஒளிந்திருப்பது. நோய் குணமான மாட்டின் தொண்டைப் பகுதியில் இந்த வைரஸ் மாதக்கணக்கில், சில மாடுகளில் மூன்று ஆண்டு வரைகூடத் தங்கியிருக்கும். ஊசி போட்ட மாட்டுக்கு நோய் வராமல் இருந்தாலும், தொண்டையில் வைரஸ் ஒட்டிக்கொள்வதை ஊசியால் எப்போதும் தடுக்க முடிவதில்லை.

100 மாடுகள் உள்ள ஊரில் ஒரு கணக்கு

இதன் விளைவை ஒரு எளிய கணக்கில் பார்க்கலாம். இவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள், எந்த ஊரின் புள்ளிவிவரமும் இல்லை.

ஊரில் 100 மாடுகள். ஊசியே இல்லாவிட்டால் ஒரு நோயுற்ற மாடு நான்கு மாடுகளுக்குத் தொற்றவைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்த நான்கில் மூன்று மாட்டுக்குப் பாதுகாப்பு இருந்தால்தான் நோய் பரவாமல் அடங்கும். அதாவது 100-க்கு 75 மாடுகள் பாதுகாப்போடு இருக்க வேண்டும்.

90 மாடுகளுக்கு ஊசி போட்டோம், அதில் 85 சதவீதத்துக்குப் பிடித்தது என்றால் பாதுகாப்பு பெற்றவை சுமார் 76. கரையைத் தொட்டுவிட்டோம். 80 மாடுகளுக்குத்தான் போட்டோம் என்றால் 68. நோய் பரவும். ஊசிக்குத் தப்பவைத்த அந்தப் பத்து மாடுகள்தான் வித்தியாசம்.

இன்னும் இருக்கு. அடுத்த ஆறு மாதத்தில் ஊரில் 20 கன்றுகள் பிறந்தால் மொத்தம் 120. பாதுகாப்பு உள்ளவை அதே 76 என்றாலும் விகிதம் 63 சதவீதமாக இறங்கிவிடும். அதற்குள் பழைய ஊசியின் பலமும் குறைந்திருக்கும். வெக்கை நோயில் ஒருமுறை ஊசி போட்ட மாட்டை மறந்துவிடலாம். புதுக் கன்றுகளைத் தேடிப் போனால் போதும். கோமாரியில் ஒவ்வொரு ஆறு மாதமும் கணக்கு கிட்டத்தட்ட முதலிலிருந்து தொடங்குகிறது.

2019 செப்டம்பரில் மத்திய அரசு கோமாரிக்கும் கன்றுவீச்சு நோய்க்கும் சேர்த்து 13,343 கோடி ரூபாயில் தேசியத் திட்டம் தொடங்கியது. இலக்கு 2030-க்குள் ஒழிப்பு. பணமும் ஊசியும் எவ்வளவு முக்கியமோ, சந்தையும் எல்லையும் அவ்வளவு முக்கியம். சித்தூர் மாவட்டம் தமிழ்நாட்டையும் கர்நாடகாவையும் தொட்டுக்கொண்டிருக்கிறது. குப்பத்தில் மூன்று மாநிலங்களும் சந்திக்கின்றன. மாடு வாங்குவதும் விற்பதும் எல்லை பார்த்து நடப்பதில்லை. ஒரு மாநிலத்தில் ஊசி போடும் மாதமும் பக்கத்து மாநிலத்தில் போடும் மாதமும் ஒத்துப்போகாவிட்டால், பாதுகாப்பு குறைந்த மாடுகள் பாதுகாப்பு உள்ள ஊருக்குள்ளும், வைரஸைச் சுமக்கும் மாடுகள் பாதுகாப்பு இல்லாத ஊருக்குள்ளும் வந்துகொண்டே இருக்கும்.

பணக்கார நாடுகளுக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. 2001-ல் பிரிட்டனில் கோமாரியை அடக்க 60 லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகள் கொல்லப்பட்டன. 1988-க்குப் பிறகு நோயே இல்லாமல் இருந்த ஜெர்மனியில் 2025 ஜனவரியில் எருமைகளிடம் மறுபடி தென்பட்டது.

டெங்கு: பாதி பாதுகாப்பே ஆபத்தாக மாறும்போது

மாட்டிலிருந்து மனிதர்களுக்கு வருவோம். டெங்குவுக்கும் ரகப் பிரச்சனைதான். மொத்தம் நான்கு ரகங்கள். ஆனால் இங்கே கூடுதலாக ஒரு பொறி இருக்கிறது.

ஒரு ரக டெங்கு வந்து குணமானால் அந்த ரகத்துக்கு நீண்ட காலப் பாதுகாப்பு கிடைக்கும். மற்ற மூன்று ரகங்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு சில மாதங்களுக்குத்தான். அதன் பிறகு வேறு ரகம் தாக்கினால், பழைய ஆன்டிபாடி புது வைரஸை அரைகுறையாகப் பிடிக்கும், ஆனால் செயலிழக்கச் செய்யாது. அப்படிப் பிடிபட்ட வைரஸை நோய் எதிர்ப்பு செல்கள் தாமே உள்ளே இழுத்துக்கொள்ளும். வைரஸ் அங்கேயே பெருகும். இரண்டாவது தடவை வரும் டெங்கு பலருக்குக் கடுமையாக இருப்பதற்கு இது முக்கியமான காரணம்.

இந்தப் பொறியில் ஒரு தடுப்பூசியே மாட்டிக்கொண்டது. சனோஃபி நிறுவனத்தின் டெங்வாக்ஸியா ஊசி 2016-ல் பிலிப்பைன்ஸில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் குழந்தைகளுக்குப் போடப்பட்டது. ஏற்கெனவே டெங்கு வந்தவர்களுக்கு அது பயன் தந்தது. ஒருமுறைகூட டெங்கு வராதவர்களுக்கு ஊசியே முதல் டெங்கு போல ஆகி, பின்னால் நிஜ டெங்கு வந்தபோது கடுமையான நோயின் வாய்ப்பை அதிகப்படுத்தியது. 2017 நவம்பரில் நிறுவனமே இதை அறிவித்தது. திட்டம் நின்றது. அந்நாட்டில் மற்ற தடுப்பூசிகள் மீதிருந்த நம்பிக்கையும் சேர்ந்தே சரிந்தது.

ஆக, டெங்கு ஊசி நான்கு ரகத்தையும் சமமாக, நீண்ட காலம் தடுக்க வேண்டும். மூன்றைத் தடுத்து ஒன்றை விட்டாலும் சிக்கல். இதைச் சில மாதச் சோதனையில் கண்டுபிடிக்க முடியாது. வருடக்கணக்கில் ஊசி போட்டவர்களைப் பின்தொடர வேண்டும். இந்தியாவில் ஐ.சி.எம்.ஆரும் பனேசியா பயோடெக் நிறுவனமும் 2024 ஆகஸ்டில் தொடங்கிய ஒற்றைத் தவணை ஊசியின் மூன்றாம் கட்டச் சோதனையில் 10,335 பேர். இரண்டு ஆண்டு கண்காணிப்பு. இந்த நிதானத்தைத் தாமதம் என்று நினைக்கத் தோன்றும். பிலிப்பைன்ஸ் அனுபவத்துக்குப் பிறகு அதுதான் பாதுகாப்பு.

நம் பகுதிக்கு இது ஏன் முக்கியம்? 2017-18-ல் ஐ.சி.எம்.ஆர். நடத்திய தேசிய ரத்தப் பரிசோதனை ஆய்வில், 5 முதல் 45 வயதுக்குள் இருப்பவர்களில் 48.7 சதவீதம் பேருக்கு முன்பே டெங்கு வந்துபோன தடயம் இருந்தது. தென் மாநிலங்களில் அது 76.9 சதவீதம். நான்கில் மூன்று பேர். அவர்களில் பலருக்கு வந்தது டெங்கு என்றே தெரிந்திருக்காது. நாள்தோறும் பல ஊர்களிலிருந்து பல்லாயிரம் பக்தர்கள் வந்துபோகும் திருப்பதி மாதிரி ஒரு நகரத்தில், எந்த ரகமும் எப்போதும் வந்து சேரலாம்.

எச்ஐவி: உடலே தோற்கும் இடம்

'குணமானவருக்கு மறுபடி வருகிறதா?' என்ற முதல் கேள்வியை எச்ஐவியிடம் கேட்டால் பதிலே கிடைக்காது. காரணம், உடல் தன் சொந்த பலத்தில் எச்ஐவியைத் துடைத்தெறிவதாகப் பார்ப்பதே மிக மிக அரிது. இயற்கையில் காப்பியடிக்க ஒரு வெற்றி இல்லை. தடுப்பூசி இயற்கையை மிஞ்ச வேண்டும்.

எச்ஐவி தாக்குவதே எதிர்ப்புப் படையின் தளபதியான சிடி-4 செல்களை. உள்ளே போனதும் தன் மரபுக் குறிப்பை அந்தச் செல்லின் மரபணுவிலேயே செருகி ஒளிந்துகொள்ளும். சிகிச்சை இல்லாத ஒருவர் உடலில் ஒரே நாளில் ஆயிரம் கோடி அளவில் புது வைரஸ்கள் உருவாகும். பலவற்றில் ஏதாவது ஒரு மாற்றம் இருக்கும். அதன் மேற்பரப்பு நம் உடலே தயாரிக்கும் சர்க்கரைப் படலத்தால் மூடப்பட்டிருப்பதால், ஆன்டிபாடி பிடிக்க இடமே குறைவு.

1984-ல் அமெரிக்க சுகாதார அமைச்சர் இரண்டு ஆண்டுகளில் ஒரு ஊசி சோதனைக்குத் தயாராகும் என்று நம்பிக்கை தெரிவித்தார். அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1986-ல் சென்னையில் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதிக்கப்பட்டு, இந்தியாவில் எச்ஐவி இருப்பது தெரியவந்தது. 2005-ல் புனேயிலும் 2006-ல் சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்திலும் எச்ஐவி ஊசியின் முதல் கட்டச் சோதனைகள் நடந்தன. அவை பெரிய சோதனைக்கு நகரவில்லை. தாய்லாந்தில் 16,000 பேரிடம் நடந்து 2009-ல் முடிவு வந்த சோதனையில் பலன் 31 சதவீதம். இதுவரை கிடைத்ததில் அதிகம் அதுதான். ஊசியாகப் பயன்படுத்த அது போதாது. தென்னாப்பிரிக்காவில் நடந்த பெரிய சோதனை 2020-ல் பலன் இல்லாமல் நிறுத்தப்பட்டது.

தேசிய சராசரியைவிட எச்ஐவி பரவல் அதிகமாக இருக்கும் மாநிலங்களில் ஆந்திரா ஒன்று. ஊசி இல்லாத இடத்தில் ஆணுறை, பரிசோதனை, தினசரி மாத்திரை ஆகியவைதான் கேடயம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் என்ற தடுப்பு மருந்து 2024-ல் வந்த சோதனை முடிவுகளில் பெரிய நம்பிக்கை கொடுத்தது. அது தடுப்பூசி இல்லை. உடலுக்குப் பாடம் நடத்தாமல், மருந்தே நேரடியாகக் காவல் நிற்கிறது.

அப்படியானால் நம்பிக்கையே இல்லையா?

இருக்கிறது. குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் அதற்குச் சாட்சி. 1966-ல் அமெரிக்காவில் சோதித்த அதன் தடுப்பூசி, நோயைத் தடுப்பதற்குப் பதில் மோசமாக்கியது. இரண்டு குழந்தைகள் இறந்தன. அதன் பிறகு பல பத்தாண்டுகள் அந்தத் துறையே முடங்கியது.

2013-ல் காரணம் பிடிபட்டது. அந்த வைரஸின் மேற்பரப்புப் புரதம் செல்லுக்குள் நுழைவதற்கு முன் ஒரு வடிவிலும், நுழைந்த பின் வேறு வடிவிலும் இருக்கும். முன்வடிவம் நிலையற்றது, எளிதில் பின்வடிவமாக மாறிவிடும். பழைய ஊசி உடலுக்குக் காட்டியது பெரும்பாலும் தவறான வடிவத்தை. முன்வடிவத்தை மாறவிடாமல் பூட்டி வைக்கும் வழி கிடைத்தது. 2023-ல் ஊசிகள் அனுமதி பெற்றன. கிட்டத்தட்ட 57 ஆண்டுகள். கோமாரியிலும் சூட்டில் உடையாத ஓடு, ஓடு மட்டும் கொண்ட ஊசி என்று இதே வழியில் ஆய்வுகள் நடக்கின்றன.

அதுவரை நம் தொழுவத்தில் என்ன செய்யலாம்?

- தவணையைத் தவறவிடாதீர்கள். ஊசி போட்ட ஓரிரு நாள் பால் கொஞ்சம் குறையலாம், பிறகு சரியாகிவிடும். கோமாரி வந்தால் குறையும் பால் அப்படித் திரும்புவதில்லை.
- கன்றுக்கு நான்கு மாதம் ஆனதும் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது. அதற்கு முன்பே போட்டால் தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்பு, ஊசியின் வேலையைக் கெடுத்துவிடும். இரண்டாவது ஊசி இல்லாமல் முதல் ஊசிக்குப் பெரிய பலன் கிடையாது.
- மருந்து ஐஸ் பெட்டியிலிருந்து எடுக்கப்படுகிறதா என்று பாருங்கள். கேட்பது உங்கள் உரிமை.
- நிறைமாதச் சினை மாடு, காய்ச்சல் உள்ள மாடு என்றால் முன்கூட்டியே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.
- சந்தையில் வாங்கிய மாட்டை உடனே மற்ற மாடுகளோடு கட்டாதீர்கள். இரண்டு, மூன்று வாரம் தனியாக வைத்துப் பாருங்கள்.
- வாயில் கொப்புளம் தெரிந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மாதிரி எடுத்து எந்த ரகம் என்று பார்த்தால்தான் அடுத்த ஊசியில் எந்த வைரஸை வைப்பது என்று தீர்மானிக்க முடியும்.

'ஊசி போட்டும் வந்துச்சே' என்ற குறை பல ஊர்களில் கேட்பதுதான். ரகம் மாறியிருக்கலாம், மருந்தின் குளிர்ச்சி அறுந்திருக்கலாம், தவணை தள்ளிப்போயிருக்கலாம், பக்கத்துத் தொழுவத்து மாடுகள் விடுபட்டிருக்கலாம். வைரஸின் குணத்தை மாற்ற ஆய்வகங்களுக்கு இன்னும் காலம் வேண்டும். இந்த நான்கில் கடைசி மூன்றைச் சரிசெய்வது இன்றே நம் கையிலும் அரசின் கையிலும் இருக்கிறது.